வியர்வை சாஸ்திரம்

நாகபுரியிலோ ஜெய்ப்பூரிலோ பிறந்து, கோடையின் அனற்காற்றில் சைக்கிள் மிதித்தே கல்லூரிப் படிப்பை முடித்த ஓர் இளைஞர், உத்தியோக நிமித்தமாகத் தூத்துக்குடித் துறைமுகத்துக்கோ அனல் மின்நிலையத்துக்கோ வந்து சேரும்போது, வெயிலைப் பற்றி இனி ஒருவரும் தமக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை என்ற தைரியத்தோடுதான் ரயிலைவிட்டு இறங்குகிறார். 45 டிகிரியைக் கண்ணால் கண்டவருக்கு, 40 டிகிரியைத் தொடுவதே அபூர்வமான ஒரு கடற்கரைப் பட்டணம் எம்மாத்திரம் என்று தோன்றுவது நியாயந்தானே! ஆனால் ஒரு வாரம் கழிவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது; மாடிப்படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது; கழுத்திலும் மார்பிலும் வேர்க்குரு அள்ளித் தெளித்தாற்போல் கிளம்புகிறது; இரவு முழுவதும் புரண்டு புரண்டு படுத்தும் உறக்கம் வருவதில்லை. இந்த ஊர் தமக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் தாயாருக்குத் தொலைபேசியில் சொல்லுகிறார். அடுத்த வீட்டுப் பெரியவரோ, “புதுத் தண்ணி சேரல தம்பி, பதினஞ்சு நாள்ல எல்லாம் சரியாப் போயிரும்” என்கிறார். பெரியவர் சொன்ன காரணம் பாதி தவறு. அவர் சொன்ன நாட்கணக்கோ, உடலியல் ஆராய்ச்சியாளர் பல தேசங்களில் பல காலம் முயன்று கண்ட கணக்கோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகிறது.

வெளியூராரைப் பார்த்துத் தூத்துக்குடி மிரளும் ஊரன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர், 1658-இல் அவர்களை அப்புறப்படுத்திய டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர், முத்துச் சலாபம் நடந்த ஆண்டுகளில் கீழக்கரை முதலிய துறைகளிலிருந்து கூட்டங்கூட்டமாக வந்திறங்கிய முத்துக் குளிப்பவர்கள், 1974-இல் புதிய துறைமுகம் திறந்தபின் வடநாட்டு உத்தியோகஸ்தர்கள், இப்பொழுது கட்டட வேலைக்கு வரும் பீகார், ஒடிசாத் தொழிலாளர்கள் என்று இவ்வூருக்கு வந்து பழகியவர்களின் வரிசை நீண்டது. சலாபம் 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று, வருகிறவர்கள் நிற்கவில்லை. பனி என்பதையே கண்டறியாத இந்த ஊரின் தாய்க்குப் பனிமய மாதா என்று பெயர் அமைந்திருப்பதும், அவளுடைய திருவிழா ஆகஸ்டு 5-ஆம் நாள் புழுதிக்காற்றின் நடுவே நடப்பதும், வடக்கேயிருந்து வருகிறவர்களுக்குச் சிறிது வேடிக்கையாகவே தோன்றும்.

நாகபுரி இளைஞரின் தோல்விக்கு வருவோம். 1774-ஆம் ஆண்டு லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற வைத்தியரும் அவருடைய நண்பர்களும், அடுப்பெரித்து உலர்ந்த உஷ்ணம் ஏற்றப்பட்ட ஓர் அறைக்குள் புகுந்து பார்த்தார்கள். தண்ணீர் கொதிக்கும் உஷ்ணத்தையும் மிஞ்சி, 120 டிகிரியையும் தாண்டிய அந்த அறையில், தட்டில் வைத்த மாட்டிறைச்சி வெந்து போயிற்று, முட்டை கெட்டிப்பட்டது, அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டு அதே அறையில் சில நிமிஷங்கள் நின்ற பிளாக்டனுடைய தேக உஷ்ணமோ ஏறக்குறைய இருந்த நிலையிலேயே இருந்தது. உயிருள்ள உடம்பு தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளுகிறது என்பதும், அதற்கு அது கையாளும் பிரதான உபாயம் வியர்வை ஆவியாவதே என்பதும் அப்பரிசோதனையால் துலங்கின. காற்று உலர்ந்திருந்ததனால்தான் அவர் பிழைத்தார். அதன் மறுபக்கத்தை 1905-இல் எடுத்துக் காட்டியவர் ஜே. எஸ். ஹால்டேன். கார்ன்வால் பிரதேசத்து டால்கோத் வெள்ளீயச் சுரங்கத்தின் ஆழத்தில், ஈரமும் வெப்பமும் நிறைந்த காற்றில் மனிதர் படும் பாட்டை அளந்தறிந்த அவர், சாதாரண உஷ்ணமானி காட்டும் எண் இவ்விஷயத்தில் பெரும்பாலும் பயனற்றது என்றும், குமிழின்மேல் ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானியே உண்மையைச் சொல்லும் என்றும் தெளிவுபடுத்தினார். காற்றோட்டமில்லாத இடத்தில் இந்த ஈரக்குமிழின் அளவு 31 டிகிரியைக் கடந்தால், இடுப்புக்கு மேல் ஆடையின்றிச் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியசாலிக்குக்கூட உள்ளுடம்பின் வெப்பம் ஏறத் தொடங்கிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களையும் ஒப்பிட்டால் இளைஞரின் மயக்கம் தீர்ந்துபோகும். 43 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 15 சதவீதமாக இருந்தால் ஈரக்குமிழ் காட்டுவது சுமார் 23 டிகிரிதான். 34 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 70 சதவீதமாக இருந்தாலோ அது 29 டிகிரிக்குப் போய்விடுகிறது. வெயில் ஒன்பது டிகிரி குறைந்தும் தேகத்தின் கஷ்டம் கூடிவிட்டது. ஒரு லிட்டர் வியர்வை தோலின்மீதே முழுதும் ஆவியாகுமாயின் அது ஏறக்குறைய 580 கிலோகலோரி உஷ்ணத்தைக் கொண்டுபோகும். சும்மா இருக்கும் மனிதன் ஏழெட்டு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அவ்வளவே. ஆனால் ஆவியாகாமல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எதையும் கொண்டுபோவதில்லை. உப்பையும் நீரையும் வீணடித்ததுதான் மிச்சம். நாகபுரியில் அவருக்கு வியர்த்தது அவருக்கே தெரியாது, பிறந்த கணத்திலேயே அது உலர்ந்துபோயிற்று. தூத்துக்குடியில் தெரிகிறது, ஏனெனில் உலரவில்லை. அத்துடன், நெடுநேரம் நனைந்தே கிடக்கும் தோலின் மேலடுக்கு ஊறி உப்பி, சுரப்பிகளின் வாயையும் நெருக்கிவிடுகிறது. அடைபட்ட வாய்க்குக் கீழே தேங்கி நிற்கும் வியர்வையே வேர்க்குரு. நுங்கை அதன்மேல் தடவுவது குளிர்ச்சியாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் மெல்லிய பருத்திச் சட்டையும் தோலை உலர வைக்கும் மின்விசிறியுமே அதற்கு உண்மையான மருந்து.

இந்த ஊரிலும் எல்லா மாதமும் ஒரே விதமல்ல. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலையாளக் கரையிலும் மேற்கு மலைத்தொடரிலும் இறக்கி வைத்துவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டை முதலிய கணவாய்களின் வழியாக இப்பக்கம் வரும்போது, வெறுங்கையோடும் வேகத்தோடும் வருகிறது. கடற்கரையார் கச்சான் என்று சொல்லும் இந்தக் காற்றுதான் முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றுவது. தூத்துக்குடி உப்பளங்களின் பாத்திகளில் கடல்நீரை உறிஞ்சி வெள்ளை வெளேரென்று உப்பை விளைவிப்பதும் இதுவே. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்தபடி தமிழ்நாடு நிற்பதற்கும், தமிழ்நாட்டு உப்பில் பெரும்பகுதி இம்மாவட்டத்தில் விளைவதற்கும் இந்த வறண்ட காற்று ஒரு பிரதான காரணம். பாத்தியின் நீரை வற்றச் செய்யும் அதே நியதி தோலின் நீரையும் வற்றச் செய்வதனால், ஆனி ஆடி மாதங்களில் வெயில் சுட்டாலும், கண்ணில் மண் விழுந்தாலும், வந்தவருடைய தேகம் ஒருவாறு சமாளித்துக்கொள்ளும். திண்டாட்டமெல்லாம் கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வரும் சித்திரையிலும், கச்சான் ஓய்ந்து, கொண்டல் என்ற கீழைக்காற்று இன்னும் மழையைக் கொண்டுவராத புரட்டாசிப் புழுக்கத்திலுந்தான். இவ்வூருக்கு மாற்றலாகி வருவோர், தம் விருப்பப்படி மாதத்தைத் தேர்ந்துகொள்ள அரசாங்கம் இடங்கொடுக்குமானால், மார்கழியில் வருவது உத்தமம். அரசாங்கம் பெரும்பாலும் கோடை விடுமுறையிலேதான் மாற்றல் கொடுக்கிறது.

இனி உடம்பு பழகும் விதம். முதல் நாட்களில் ரத்தத்துக்கு இரண்டு எஜமானர்கள்: உழைக்கும் தசையும் கேட்கிறது, உஷ்ணத்தை வெளியேற்ற வேண்டிய தோலும் கேட்கிறது. இருக்கும் ரத்தத்தை இரண்டு பக்கமும் பங்கிட்டு அனுப்ப இருதயம் விரைந்து அடித்துக்கொள்ள வேண்டியிருப்பதனால் படபடப்பு. உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழுந்தால் கண் இருட்டுதல். சிலருக்குக் கணுக்கால் வீக்கம். மூன்று நான்கு நாட்களில் உடம்பு இதற்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறது: சிறுநீரகத்தின் வழியே உப்பையும் நீரையும் வெளியேறவிடாமல் நிறுத்தி, ரத்தத்தின் திரவப் பகுதியைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பெருக்கிக்கொள்கிறது. ரத்தம் பெருகவே நாடி நிதானப்படுகிறது. வியர்வைச் சுரப்பிகள் திருந்துவதற்கு இன்னும் சற்று அவகாசம் வேண்டும். ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள், முன்னைவிடச் சீக்கிரமாக வியர்க்கத் தொடங்கி, நெற்றியிலும் முதுகிலும் மட்டுமின்றிக் கைகால்களிலும் பரவலாக வியர்த்து, மொத்தத்தில் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்கின்றன. பழகியவனுக்கு வியர்வை குறையும் என்பது ஜனங்களின் பொது நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்விரோதம்.

குறைவது உப்பு. புதியவனுடைய வியர்வையில் லிட்டருக்கு மூன்று நான்கு கிராம் உப்பு போய்க்கொண்டிருக்க, பழகியவனுடைய வியர்வையில் அது ஒரு கிராம் அளவுக்கு இறங்கிவிடக்கூடும். வியர்வை சுரப்பியிலிருந்து தோலுக்கு வரும் வழியிலேயே உப்பை உடம்பு திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டாம் உலகயுத்த காலத்தில், வெப்பமண்டலத்துக்கு அனுப்பப்படும் சிப்பாய்களின் பொருட்டு இவ்விஷயத்தை ஆராய்ந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜெரோம் கான், சிறுநீரகத்தின்மேல் குல்லாய் வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பி ஒன்றின் ரஸமே இந்தச் சிக்கனத்துக்குக் காரணம் என்று ஊகித்தார். அந்த ரஸம் பிற்பாடு 1953-இல் பிரித்தெடுக்கப்பட்டு ஆல்டோஸ்டிரோன் என்று பெயர் பெற்றது. அது அளவுக்கு மீறிச் சுரப்பதனால் ரத்த அழுத்தம் ஏறும் ஒரு வியாதியைக் கான் 1955-இல் விவரித்தார். இன்றும் அது அவருடைய பெயராலேயே வழங்குகிறது. வியர்வையை நக்கிப் பார்த்து ஆரம்பித்த ஆராய்ச்சி என்று வேடிக்கையாகச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். தாகத்தை அடக்கி அடக்கிப் பழகினால் குறைந்த நீரிலேயே உடம்பு காலம் தள்ளும் என்று ராணுவத்தார் நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். கலிபோர்னியப் பாலைவனத்தில் எட்வர்டு அடால்ப் என்பவரும் அவர் குழுவினரும் யுத்த காலத்தில் நடத்திய பரிசோதனைகள் அந்த நம்பிக்கையைத் தகர்த்தன. தண்ணீரின் தேவை பழக்கத்தால் குறைவதில்லை. அன்றியும், வேண்டிய மட்டும் குடிக்கலாம் என்று விட்டாலுங்கூட, உழைக்கும் மனிதன் இழந்ததில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரையே குடித்துவிட்டுத் தாகம் தீர்ந்ததாக எண்ணிக்கொள்கிறான். மீதியைச் சாப்பாட்டு வேளையில்தான் ஈடு செய்கிறான். ஆகவே, புழுக்கத்தில் பசியில்லை என்று சாப்பாட்டைத் தள்ளும் புதியவர், அறியாமலே தண்ணீரையும் தள்ளுகிறார். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் சரியல்ல. சுரங்கத் தொழிலாளருக்கும் நீராவிக் கப்பல்களில் கரி தள்ளியவர்களுக்கும் கைகால்களைச் சுருட்டி இழுத்த வலிக்கு, வியர்வையில் போன உப்பை ஈடு செய்யாமல் நீரை மட்டும் ஊற்றியதே காரணம் என்று ஹால்டேனும் அவருடைய சகாவான மாஸும் 1920களில் கண்டு, குடிநீரில் சிறிது உப்புக் கலக்கச் செய்தார்கள். உப்புப்போட்ட நீராகாரத்தைக் குடித்துவிட்டுப் பொழுது புலருமுன் அளத்துக்குப் போகிறவர்களுக்கு இதைப் புதிதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை. இளநீரைப் பற்றி ஒன்று சொல்லலாம்: அதில் பொட்டாசியம் தாராளமாக உண்டு, சோடியம் கொஞ்சமே. பதநீரில் சர்க்கரை உண்டு. இரண்டும் அருமையான பானங்களே, உப்புக்குப் பதிலாகா.

பக்கத்து வீட்டுப் பெரியவரின் புதுத் தண்ணீர்க் கொள்கை ஒரு காலத்தில் முழு உண்மையாகவே இருந்திருக்கும். இவ்வூர்க் கிணறுகள் உவர்நீர்க் கிணறுகள். கரைந்துள்ள மக்னீசிய உப்புக்கள் மிகுந்தால் புதிய வயிறு பேதியாவதும், சோப்பு நுரைக்காமல் திரிந்து போவதும் இயல்பு. நகரசபைத் தலைவராயிருந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து, வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீரைக் குழாய் வழியே கொண்டுவந்தபின் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. இன்று வயிற்றுக் கோளாறு வருமானால், ஆற்றைக் குற்றம் சொல்வதற்கு முன் மாடித் தொட்டியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவது நலம்.

ஓர் ஊரின் சீதோஷ்ணம் பிற ஊராருக்குச் சுபாவத்திலேயே விரோதம் என்ற கொள்கைக்குச் சென்ற இரு நூற்றாண்டுகளில் இருந்த மதிப்பை நினைத்தால் ஆச்சரியமாயிருக்கிறது. 1813-இல் ஜேம்ஸ் ஜான்ஸன் என்ற ஆங்கிலக் கப்பற்படை வைத்தியர் வெப்பமண்டலம் ஐரோப்பியத் தேகத்தை என்ன செய்கிறது என்று ஒரு பெரிய புத்தகமே எழுதினார். தலையைச் சோலாத் தொப்பியும் முதுகெலும்பை ஒரு பஞ்சுத் திண்டும் காக்க வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் விதித்தார்கள். சூரிய ஒளியிலுள்ள ஏதோ சூட்சுமக் கதிர்கள்தான் வெள்ளையருடைய நரம்பைக் கெடுக்கின்றன என்ற ஊகத்தைச் சோதிப்பதற்காக, அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸ் தீவுகளில் ஐந்நூறு சிப்பாய்களுக்குச் செம்மஞ்சள் நிற உள்ளாடை தைத்துக் கொடுத்து உடுத்தச் செய்தது. 1910-இல் வெளிவந்த முடிவு என்னவென்றால், அந்த உள்ளாடையால் ஒரு நன்மையும் இல்லை, உடுத்தியவர்களுக்குப் புழுக்கம்தான் அதிகம் என்பதே. காற்றின் ஈரத்தையும் உழைப்பின் அளவையும் வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் கணக்கிடாமல், இனத்தையும் நிறத்தையும் கணக்கிட்டுக்கொண்டிருந்ததனால் நேர்ந்த வீண் செலவு அது.

நாட்கணக்கின் அருமையைக் கடினமான வழியில் கற்றவர்கள் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டு தங்கச் சுரங்க முதலாளிகள். குளிர்ந்த மேட்டு நிலங்களிலிருந்து ஆள் திரட்டிக் கொண்டுவந்து, ஈரமும் வெப்பமும் மண்டிய ஆழத்தில் வந்த கையோடு மண்வெட்டி கொடுத்து இறக்கியபோது, 1920களில் தொழிலாளர் வெப்பத்தாக்குதலால் மாண்டார்கள். 1930களில் டிரெயோஸ்டி என்ற வைத்தியர் முறையான ஆராய்ச்சியைத் தொடங்கினார்; பிறகு சைரில் விண்டம் போன்றோர், புதியவர்களை வெப்ப அறையில் வைத்து நாளுக்கு நாள் வேலையைக் கூட்டிப் பழக்கியபின் சுரங்கத்துக்குள் அனுப்பும் முறையை வகுத்தார்கள். வியர்வை சாஸ்திரத்தின் கணிசமான பகுதி இவ்வாறு கருணையினால் பிறந்ததன்று, ஆள் நஷ்டத்தினால் பிறந்தது. இன்றைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையார் சொல்லும் கணக்குப்படி, வேலைத்தலத்தில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் ஏறக்குறைய பாதி ஒருவர் வேலைக்கு வந்த முதல் நாளிலேயே நேருகிறது. எழுபது சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். அதனால், முதல் நாள் முழு வேலையில் ஐந்தில் ஒரு பங்கு, பிறகு நாள்தோறும் அதே அளவு கூட்டிக்கொண்டு ஐந்தாம் நாளில் முழு வேலை என்று அங்கே விதி சொல்லுகிறார்கள். சரக்குக் கிடங்கிலோ, கட்டடச் சாரத்தின்மேலோ, இரண்டு நாள் ரயில் பிரயாணத்தின் களைப்போடு வந்திறங்கிய மறுநாளே முழுச் சுமை ஏற்றப்படும் வடநாட்டு இளைஞனுக்கு இந்த ஐந்து நாளைக் கொடுப்பதற்குப் பெரிய யந்திரம் எதுவும் தேவையில்லை. ஒரு மேஸ்திரியின் சம்மதமும், அந்நாட்களுக்குக் கூலி பிடிக்காத ஒரு குத்தகைக்காரரும் போதும். இரண்டாவதுதான் கிடைப்பதில்லை.

உத்தியோகஸ்தருக்கு வேறு விதமான சங்கடம். குளிரூட்டிய வீட்டிலிருந்து குளிரூட்டிய காரில் குளிரூட்டிய அலுவலகத்துக்குப் போய் மீளுகிறவருடைய தேகம் பழகுவதே இல்லை. நாள்தோறும் ஒன்றரை மணி நேரமாவது வெப்பத்தில் நடமாடி உள்ளுடம்பு சற்றே சூடேறினால்தான் மேலே சொன்ன மாறுதல்கள் நிகழும். மூன்று வருஷம் இவ்வூரில் இருந்தவர் ஒருநாள் மின்சாரம் நின்றதும் நேற்று வந்தவரைப்போலத் தவிப்பது இதனால்தான். பழக்கம் நிலைத்தும் நிற்பதில்லை. மலைப்பிரதேசத்துச் சொந்த ஊருக்கு ஒரு மாத விடுமுறையில் போய்வருகிறவர், சம்பாதித்ததில் பெரும்பகுதியை அங்கேயே இழந்துவிட்டு வருகிறார்; இரண்டாம் முறை பழகுவது சற்று விரைவாக நடக்கும் என்பதொன்றே ஆறுதல்.

இரவைப் பற்றியும் சூரியனைப் பற்றியும் இரண்டொரு வார்த்தை. உறக்கம் வருவதற்கு உள்ளுடம்பின் வெப்பம் சிறிது இறங்க வேண்டும். அதற்காகவே உறங்கப்போகும் வேளையில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ரத்தம் பெருகித் தோல் சூடாகிறது. உள்நாட்டு வறண்ட ஊர்களில் பின்னிரவு குளிர்ந்து இதற்குக் கைகொடுக்கும். கடற்கரையிலோ, ஈரக்காற்று நிலத்தின் சூட்டை எளிதில் வெளியேற விடுவதில்லை. சூரியனுடைய நடத்தையும் இங்கே வேறு. டில்லியில் பிறந்தவர் நண்பகல் சூரியனைத் தெற்கே சாய்ந்தே கண்டவர். தூத்துக்குடியிலோ, சித்திரைப் பிறப்பை ஒட்டி அது நேர் உச்சிக்கு வந்து நிழலை விழுங்கிவிட்டு, அப்பால் ஆவணிவரை வடக்கே நின்று பிரகாசிக்கிறது. வடக்குச் சன்னல் குளிர்ச்சி என்று நம்பி வீடு பிடித்தவர் ஏமாந்துபோகிறார். டில்லியில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் மூன்றரை மணிக்கு மேல் வித்தியாசம் உண்டு. இங்கே ஒரு மணி அளவுதான். கோடையில் ஏழு மணிக்குமேல் நீளும் மாலை வெளிச்சத்தில் பந்தாடிப் பழகிய வடநாட்டுப் பிள்ளைகளுக்கு, இந்தத் திடீர் இருட்டு சில மாதம் மனத்தாங்கலாகவே இருக்கும்.

பழக்கத்தால் மாறாத ஒன்றும் உண்டு. ஜப்பானிய உடலியல் அறிஞர் யாஸ் குனோ, வியர்வையை ஆராய்வதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர்; அவருடைய பெரிய நூல் 1934-இலும், அதன் விரிந்த வடிவம் 1956-இலும் வெளிவந்தன. பிறக்கும் குழந்தையின் தோலில் வியர்வைச் சுரப்பிகள் எல்லாம் இருந்தாலும் அவை அனைத்தும் வேலை செய்வதில்லை என்றும், முதல் இரண்டு வருஷம் அல்லது சற்றுக் கூடுதலான காலத்துக்குள் எத்தனை சுரப்பிகள் விழித்துக்கொள்ளுகின்றனவோ அத்தனைதான் ஆயுள் முழுவதும் என்றும் அவர் கண்டார். ஜப்பானியரிடம் சராசரி 23 லட்சம் அளவில் இருந்த இந்த எண்ணிக்கை, வளர்ந்தபின் வெப்ப நாடுகளுக்குக் குடியேறிய ஜப்பானியரிடமும் ஏறக்குறைய அவ்வளவே இருந்தது. அங்கேயே பிறந்து வளர்ந்த அவர்களுடைய பிள்ளைகளிடமோ கூடியிருந்தது. சுரப்பியின் எண்ணிக்கை கூடாவிட்டாலும் ஒவ்வொரு சுரப்பியும் அதிகமாகச் சுரக்கக் கற்றுக்கொள்வதனால், வளர்ந்தபின் வந்தவர்களும் வெப்பத்தைத் தாங்கி வாழ முடிகிறது. தூத்துக்குடித் துறைமுகக் குடியிருப்பில் சிம்லாவிலிருந்து வந்த தகப்பனாரும், இங்கே பிறந்து முற்றத்து வேப்பமரத்தடியில் வெற்றுடம்போடு தவழ்ந்து இரண்டு வருஷத்தைக் கழித்த அவருடைய மகளும், ஒரே புரட்டாசிப் புழுக்கத்தில் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கையில், மகள் கூடுதலான சுரப்பிகளைக் கொண்டும், தகப்பனார் உள்ள சுரப்பிகளையே கடுமையாக வேலை வாங்கியும் வியர்க்கிறார்கள்.